செக்-இன் லக்கேஜ் அளவு வழித்தடத்துக்கு வழித்தடம் மாறுவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே விமான நிறுவனம், ஒரே எகானமி வகுப்பு. ஆனாலும் ஒரு பயணத்துக்கு இரண்டு பெட்டிகளில் 46 கிலோ வரை கொண்டுபோகலாம் என்கிறார்கள். இன்னொரு பயணத்துக்கு 25 கிலோவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். டிக்கெட் பதிவு செய்து கொடுக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கும் எனக்கு, கட்டணத்தைப் பற்றி வரும் கேள்விகளைவிட லக்கேஜைப் பற்றி வரும் கேள்விகளே அதிகம். அவற்றில் திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கவுண்டரில் ஒப்படைத்து விமானத்தின் அடித்தளத்தில் ஏற்றப்படும் லக்கேஜைப் பற்றி மட்டுமே இங்கு பேச்சு. கையோடு எடுத்துச் செல்லும் பைக்கு விதிகள் தனி.

ஒரே நிறுவனம் ஓர் ஊருக்கு இரண்டு பெட்டிகளையும் இன்னோர் ஊருக்கு வெறும் எடைக் கணக்கையும் வைத்திருப்பது எப்படி?

உலக விமானப் போக்குவரத்தில் லக்கேஜை அளக்க இரண்டு முறைகள் அருகருகே புழங்குகின்றன. ஒன்று எடை முறை: மொத்தம் இத்தனை கிலோ, அதை எத்தனை பெட்டிகளில் பிரித்துக் கொண்டுவந்தாலும் பொதுவாகக் கேட்கமாட்டார்கள். மற்றொன்று பெட்டி எண்ணிக்கை முறை, கவுண்டர் பேச்சில் ‘பீஸ்’: இத்தனை பெட்டிகள், ஒவ்வொன்றும் இத்தனை கிலோவுக்குள், இந்த அளவுக்குள். வட அமெரிக்காவுக்கோ அங்கிருந்தோ போகும் விமானங்களில் பெரும்பாலும் எண்ணிக்கை முறையே உண்டு. ஆசியாவுக்குள்ளும் ஆசியாவுக்கும் மத்திய கிழக்குக்கும் இடையிலும் எடை முறையை இன்னும் பரவலாகப் பார்க்கலாம்.

பல கண்டங்களுக்குப் பறக்கும் நிறுவனம் இரண்டையும் ஒரே சமயத்தில் நடத்தும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பெரும்பாலான வழித்தடங்களில் எடையைக் கணக்கிட்டாலும், அமெரிக்கா, கனடா பயணங்களில் பெட்டிகளை எண்ணுகிறது. எமிரேட்ஸ் நிறுவனமும் அப்படியே. அமெரிக்கக் கண்டங்களுக்குப் போகும், அங்கிருந்து வரும் பயணங்களுக்கும் ஆப்பிரிக்காவில் தொடங்கும் பயணங்களுக்கும் எண்ணிக்கை முறை, ஏனையவற்றுக்கு எடை முறை. ‘அந்த நிறுவனத்தில் எவ்வளவு கிலோ?’ என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாமல் போவது இதனால்தான். எங்கிருந்து எங்கே என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் பதில் உண்டு.

இரண்டு பெட்டி, தலா 23 கிலோ என்றால் மொத்தம் 46 கிலோ. பிறகு முறை எதுவாக இருந்தால் என்ன?

கூட்டிப் பார்த்தால் ஒன்றுதான். தராசில் ஏற்றும்போதுதான் வேறுபாடு தெரியும். ஒருவரிடம் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. பெரியது 27.4 கிலோ, சிறியது 18.2 கிலோ, மொத்தம் 45.6. அவருக்கு எடை முறையில் 46 கிலோ இருந்தால் எந்தத் தடையும் இல்லாமல் இரண்டும் பெல்ட்டில் போய்விடும். எண்ணிக்கை முறையிலோ பெரிய பெட்டி 4.4 கிலோ கூடுதல். சிறிய பெட்டியில் 4.8 கிலோ இடம் மிச்சமிருப்பதை விதி கண்டுகொள்ளாது. வரிசையை விட்டு விலகி, தரையில் மண்டியிட்டு, பெட்டியைத் திறந்து, அடியில் கிடக்கும் புத்தகங்களையும் காலணிகளையும் தேடி எடுத்துச் சிறிய பெட்டிக்கு மாற்றினால் 23.0, 22.6 என்று முடியும். இந்தக் காட்சியை விமான நிலையத்தில் எந்த நாளும் பார்க்கலாம். அந்த அவசரத்தில் கைப்பையில் இருக்கும் பவர் பேங்கையும் சேர்த்துப் பெட்டிக்குள் திணித்துவிடாதீர்கள். தனி லித்தியம் பேட்டரிகளைச் செக்-இன் பெட்டியில் வைக்க அனுமதி கிடையாது.

எடை முறையிலும் கட்டுப்பாடே இல்லை என்று எண்ண வேண்டாம். 40 கிலோ அனுமதி உள்ளவர் ஒரே பெட்டியில் 40 கிலோவைக் கொண்டுவந்தால் ஏற்கமாட்டார்கள். தனிப் பெட்டி ஒன்று 32 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது ஏறக்குறைய எல்லா இடங்களிலும் உள்ள விதி. கூடுதல் பணம் கட்டுகிறேன் என்றாலும் பொதுவாகப் பிரித்துக் கட்டி வரத்தான் சொல்வார்கள்.

23, 32, 158 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன?

கிலோவில் பார்த்தால் இந்த எண்கள் விசித்திரமாகத் தெரியும். பவுண்டிலும் அங்குலத்திலும் பார்த்தால் தெளிவாகிவிடும். 50 பவுண்டு என்பது 22.7 கிலோ, 70 பவுண்டு என்பது 31.8 கிலோ, 62 அங்குலம் என்பது 157.5 சென்டிமீட்டர். எண்ணிக்கை முறை அமெரிக்காவில் பிறந்த முறை என்பதற்கு அந்த எண்களே சாட்சி.

158 சென்டிமீட்டர் என்பது நீளம், அகலம், உயரம் மூன்றின் கூட்டுத்தொகை. சக்கரங்களும் கைப்பிடியும் இதில் அடங்கும். 75, 50, 30 என்ற அளவுள்ள பெட்டி 155-இல் தப்பிவிடும். 32 கிலோ என்ற வரம்பு பெட்டியைத் தூக்கும் தொழிலாளரின் முதுகைக் காப்பதற்காக நிலைத்துவிட்டது. 23 கிலோவைத் தாண்டிய பெட்டியில் ‘கனமானது’ என்ற தனிச் சீட்டைக் கட்டுவதும் அதே காரணத்துக்காகத்தான்.

தூரம் கூடக் கூட எரிபொருள் அதிகம் ஆகுமே. நீண்ட வழித்தடத்தில்தானே லக்கேஜ் குறைய வேண்டும்?

நியாயமான கேள்வி. 350 பேர் ஏறும் விமானத்தில் ஒவ்வொருவரும் 46 கிலோ கொண்டுவந்தால் லக்கேஜ் மட்டும் 16 டன்னைத் தாண்டும். ஒவ்வொருவரும் 20 கிலோ என்றால் 7 டன்தான். ஒன்பது டன் வேறுபாடு. அதைப் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் சுமந்து பறப்பதற்கான எரிபொருளையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். இந்தக் கணக்குப்படி பசிபிக் கடலைக் கடக்கும் விமானங்களில்தான் அனுமதி மிகக் குறைவாக இருந்திருக்க வேண்டும். நடப்பில் தலைகீழாக இருக்கிறது.

காரணம் பொறியியலில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது. விமானங்கள் சிறியவையாக இருந்த தொடக்கக் காலத்தில் பெட்டியோடு பயணியையும் தராசில் நிறுத்திப் பார்த்தார்கள். அந்தக் காலத்துக் கவலையிலிருந்து வந்ததுதான் எகானமிக்கு 20 கிலோ, முதல் வகுப்புக்கு 30 கிலோ என்று உலகெங்கும் நெடுங்காலம் நிலவிய எடைக் கணக்கு. பின்னர் இருக்கை வரிசைகளுக்கு நடுவே இரண்டு நடைபாதைகள் உள்ள அகல உடல் ஜெட் விமானங்கள் வந்தன. அவற்றின் அடித்தளத்தில் இடம் தாராளமாக இருந்தது. 1970-களில் அமெரிக்கா தொடர்பான வழித்தடங்களில் எடையை விட்டுப் பெட்டிகளை எண்ணும் முறை வேரூன்றியது. ஒவ்வொரு பெட்டியையும் நிறுத்துக் கிலோவுக்குக் கிலோ பணம் வாங்குவதைவிட எண்ணிவிட்டு அனுப்புவது கவுண்டரில் வேகமான வேலை என்பதும் அதற்குச் சாதகமாக இருந்தது. மற்றப் பகுதிகளில் பழைய எடைக் கணக்கே தொடர்ந்தது. அன்று பிரிந்த இரண்டு பாதைகள்தாம் இன்றும் இரண்டு அட்டவணைகளாக நிற்கின்றன.

அரசு விதி எவ்வளவு தூரம் பேசும் என்பதற்குப் பிரேசில் நல்ல எடுத்துக்காட்டு. அந்த நாட்டின் பன்னாட்டு விமானங்களில் தலா 32 கிலோ எடையில் இரண்டு பெட்டிகளைக் கட்டாயமாக அனுமதிக்க வேண்டும் என்ற நிலை பல ஆண்டுகள் இருந்தது. வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத தாராளம் அது. 2017-இல் அந்தக் கட்டாயத்தை நீக்கினார்கள், அனுமதியும் மற்ற வழித்தடங்களின் அளவுக்கு இறங்கிவிட்டது. விமானங்களின் அடித்தளம் அந்த ஆண்டில் சுருங்கிவிடவில்லை.

அப்படியென்றால் விமானத்தின் வகைக்கும் ஓடுபாதைக்கும் இதில் பங்கே இல்லையா?

பங்கு உண்டு, ஆனால் அட்டவணையை அவை தீர்மானிப்பது குறைவு, குறிப்பிட்ட நாளில் உங்கள் பெட்டி ஏறுமா என்பதைத் தீர்மானிப்பது அதிகம். அகல உடல் விமானங்களில் பெட்டிகளைக் கன்டெய்னர்களில் அடுக்கி இயந்திரத்தால் ஏற்றுகிறார்கள். போயிங் 737 போன்ற குறுகிய உடல் விமானத்தில் அந்த வசதி இல்லை. நிமிர்ந்து நிற்க முடியாத அடித்தள அறைக்குள் ஒருவர் மண்டியிட்டபடி ஒவ்வொரு பெட்டியாகக் கையால் அடுக்குகிறார். இறக்கையில் விசிறி சுழலும் சிறிய டர்போப்ராப் விமானங்களில் இடமும் ஏற்றக்கூடிய எடையும் இன்னும் குறைவு. எனவே உள்நாட்டு, குறுந்தூர வழித்தடங்களில் 15, 20 கிலோ என்று அனுமதி சுருங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உயரமான இடங்களில் காற்று அடர்த்தி குறைவு. அங்கிருந்து முழுச் சுமையோடும் நிறைய எரிபொருளோடும் எழும்புவது கடினம். மெக்சிகோ நகரம் 2,200 மீட்டருக்கு மேல் இருப்பதால்தான் எமிரேட்ஸ் அந்த வழித்தடத்தைத் துபாயிலிருந்து நேராக நடத்தாமல் பார்சிலோனா வழியாக நடத்துகிறது. இங்கே கவனிக்க வேண்டியது, அவர்கள் வழியை மாற்றினார்களே தவிர அந்த ஊர்ப் பயணிகளுக்கென்று பெட்டியின் எடையைக் குறைக்கவில்லை என்பதுதான்.

இவற்றைவிட வலுவானவை வணிகக் காரணங்கள். பயணிகளின் பெட்டிக்குப் பக்கத்திலேயே சரக்கும் போகிறது. சரக்குக்கு நல்ல விலை கிடைக்கும் வழித்தடத்தில் இலவச லக்கேஜ் என்பது நிறுவனத்துக்கு இழப்பு. மறுபுறம், வேலைக்காக வெளிநாடு சென்று ஓராண்டு இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊர் திரும்புகிறவர்களும் படிக்கப் போகும் மாணவர்களும் நிறைந்த வழித்தடங்களில் கட்டணத்தைவிடக் கிலோவைப் பார்த்தே டிக்கெட் எடுக்கிறார்கள். அங்கே ஒரு நிறுவனம் 40 கிலோ என்று அறிவித்தால் போட்டி நிறுவனமும் ஏற்றியாக வேண்டும். இரண்டு மணி நேர வணிகப் பயணங்கள் நிறைந்த வழித்தடத்தில் கைப்பையோடு வருகிறவர்களே அதிகம். அங்கே தாராளம் காட்ட எந்த நிறுவனத்துக்கும் தேவை இல்லை.

போகும்போது ஓர் அளவு, வரும்போது வேறு அளவு. அதே டிக்கெட், அதே வழி. பிழையாக இருக்குமா?

பிழையாகவும் இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் இல்லை. அனுமதி என்பது இரு ஊர்களுக்கு இடையிலான கோட்டுக்கு உரியது என்று நினைக்கிறோம். உண்மையில் அது பயணம் தொடங்கும் இடத்துக்கும் திசைக்கும் வாங்கிய கட்டண வகைக்கும் உரியது. முன்பு சொன்ன எமிரேட்ஸ் விதியையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஆப்பிரிக்காவில் பயணத்தைத் தொடங்குகிறவருக்கு எண்ணிக்கை முறை, அதே ஊருக்குத் துபாயிலிருந்து போகிறவருக்கு எடை முறை. இரண்டு பேரும் ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருக்கலாம். ஒருவருடைய விதி மற்றவருக்குப் பொருந்தாது.

இரண்டாவது காரணம், போகும்போது ஒரு கட்டண வகையும் வரும்போது வேறு கட்டண வகையும் கலந்திருப்பது. மலிவாகத் தெரிந்த கலவையைத் தேடுபொறி உருவாக்கிக் கொடுத்திருக்கும். திரும்பும் பயணம் பெட்டியே இல்லாத வகையாக இருக்கும். இதில் ஏமாந்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஒரு முறை நானே என் வீட்டாருக்கு எடுத்த டிக்கெட்டில் இதைக் கவனிக்கத் தவறி, திரும்பும் நாளில் கவுண்டரில் பணம் கட்ட வைத்தேன்.

ஒரே டிக்கெட்டில் மூன்று நிறுவனங்கள் வருகின்றன. யாருடைய விதி செல்லும்?

இதுதான் மிகவும் குழப்பமானது, ஆனால் புரிந்துகொண்டால் மிகவும் பயன்படுவதும் இதுவே. முன்பெல்லாம் கடுமையான விதி உள்ள நிறுவனத்தின் கவுண்டரில் போய் மாட்டிக்கொள்வது வழக்கமாக இருந்தது. பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா 2011-இல் ‘மிக முக்கியமான நிறுவனம்’ என்ற கோட்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன்படி, பெட்டியை ஒப்படைக்கும் இடத்திலிருந்து அதை மீண்டும் கையில் வாங்கும் இடம் வரை ஒரே விதிதான் இருக்க வேண்டும். எல்லா நிறுவனங்களும் ஒரே அளவைச் சொன்னால் சிக்கல் இல்லை. வேறுபட்டால், முக்கியமான நிறுவனம் சொல்வது செல்லும்.

முக்கியமான நிறுவனத்தைக் கண்டுபிடிக்க ஐயாட்டா பிரித்துவைத்திருக்கும் மூன்று பகுதிகளை அறிந்திருக்க வேண்டும். முதல் பகுதி அமெரிக்கக் கண்டங்கள்; இரண்டாம் பகுதி ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மத்திய கிழக்கு; மூன்றாம் பகுதி எஞ்சிய ஆசியாவும் ஆஸ்திரேலியாவும் பசிபிக் தீவுகளும். உங்கள் பயணத்தில் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு முதன்முதலாகக் கடக்கும் விமானத்தை எந்த நிறுவனம் நடத்துகிறதோ அதுவே முக்கியமான நிறுவனம். பகுதியைக் கடக்காத பயணத்தில், அந்தப் பகுதிக்குள் ஐயாட்டா பிரித்திருக்கும் சிறு உட்பகுதிகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடக்கும் முதல் விமானத்தையும், அதுவும் இல்லையென்றால் முதல் பன்னாட்டு விமானத்தையும் பார்ப்பார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஆசியாவின் ஒரு சிறு நகரிலிருந்து தலைநகருக்குச் சிறிய விமானத்தில் போகிறீர்கள். அந்த நிறுவனத்தின் சொந்தப் பயணிகளுக்கு 15 கிலோதான். தலைநகரிலிருந்து வேறொரு நிறுவனத்தின் பெரிய விமானத்தில் ஐரோப்பாவுக்கு. அவர்கள் 30 கிலோ தருகிறார்கள். அங்கிருந்து மூன்றாவது நிறுவனத்தின் விமானத்தில் இன்னொரு நகருக்கு. அவர்கள் ஒரு பெட்டி 23 கிலோ என்கிறார்கள். மூன்றாம் பகுதியிலிருந்து இரண்டாம் பகுதிக்குக் கடப்பது நடு விமானம். ஆகவே மூன்றும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் முழுப் பயணத்துக்கும் 30 கிலோ. முதல் கவுண்டரில் இருப்பவர் 15 கிலோவுக்கு மேல் பணம் கேட்டால், டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் அளவைக் காட்டி அமைதியாக எடுத்துச் சொல்லலாம்.

டிக்கெட் ஒரு நிறுவனத்தின் பெயரில், விமானம் இன்னொரு நிறுவனத்துடையது. அப்போது?

இதைக் கோட்-ஷேர் என்கிறார்கள். பொதுவாக விமானத்தை உண்மையில் இயக்கும் நிறுவனத்தை வைத்தே முக்கியமான நிறுவனத்தைக் கணக்கிடுவார்கள்; தன் பெயரில் விற்ற நிறுவனத்தின் விதியே செல்லும் என்று இயக்கும் நிறுவனம் அறிவித்திருந்தால் மட்டும் மாறும். அமெரிக்கா வரும்போது கணக்கே வேறு.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் தனி விதி என்கிறார்களே?

அமெரிக்காவில் தொடங்கும் அல்லது அமெரிக்காவை இறுதி இலக்காகக் கொண்ட டிக்கெட்டுக்கு அந்த நாட்டின் போக்குவரத்துத் துறை 2012-இல் நடைமுறைப்படுத்திய விதி பொருந்தும். ஒரே டிக்கெட்டின் தொடக்கம் முதல் முடிவு வரை, திரும்பும் பயணம் உட்பட, ஒரே அனுமதியும் ஒரே கட்டண விதியும் இருக்க வேண்டும். முதல் விமானத்தை எந்த நிறுவனம் தன் பெயரில் விற்றதோ, அதுவே எந்த விதி பொருந்தும் என்பதைத் தேர்ந்தெடுக்கிறது. இங்கே இயக்கும் நிறுவனத்துக்கு முதலிடம் இல்லை. கனடாவும் 2015 முதல் இதையொத்த விதியைப் பின்பற்றுகிறது.

இதன் விளைவு பயணிக்கு நல்லது. அமெரிக்காவுக்கு இரண்டு பெட்டிகளோடு போகும் வழியில் எடை முறை உள்ள நாட்டில் விமானம் மாறினாலும், நடுவில் யாரும் கிலோக் கணக்கைக் கையில் எடுக்க முடியாது. அமெரிக்காவில் முதலில் இறங்கும் இடத்தில் சுங்கச் சோதனைக்காகப் பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். அப்படி எடுத்து ஒப்படைப்பதால் அனுமதி மாறிவிடாது.

வழியில் இரண்டு நாள் தங்கிப் போனால் அனுமதி குறையுமா?

குறையலாம். பன்னாட்டுப் பயணத்தில் 24 மணி நேரத்துக்குள் அடுத்த விமானத்தைப் பிடித்தால் அது பொதுவாக இணைப்பு. அதற்கு மேல் தங்கினால் இடைத்தங்கல். இடைத்தங்கலில் பெட்டியை வெளியே எடுத்துவிடுவதால் ஐயாட்டா கணக்கில் அங்கே ஒரு பயணம் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது. முக்கியமான நிறுவனத்தையும் புதிதாகக் கணக்கிடுவார்கள். முன்பு சொன்ன எடுத்துக்காட்டில் ஐரோப்பாவில் இறங்கி மூன்று நாள் தங்கிவிட்டு மூன்றாவது நிறுவனத்தின் விமானத்தில் ஏறினால், 30 கிலோ கைவிட்டுப் போய் ஒரு பெட்டி 23 கிலோவாக மாறிவிடக்கூடும். அமெரிக்க, கனடா விதிக்கு உட்பட்ட டிக்கெட்டில் இந்தச் சிக்கல் எழாது.

இரண்டு தனித்தனி டிக்கெட்டுகள் எடுத்தால் மலிவாக இருக்கிறது. எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் இரண்டாவது டிக்கெட்டின் லக்கேஜ் அளவைக் கழித்துப் பார்த்த பிறகு. மேலே சொன்ன ஒருமைப்பாடு எல்லாம் ஒரே டிக்கெட்டுக்கு மட்டுமே. முதல் டிக்கெட்டில் 46 கிலோவோடு கடல் கடந்து வந்தவர், அடுத்த ஒரு மணி நேர உள்நாட்டு விமானத்துக்குத் தனி டிக்கெட்டில் 15 கிலோ மட்டுமே வைத்திருந்தால், 31 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும். அந்தத் தொகை டிக்கெட்டின் விலையையே மிஞ்சியதை நான் பார்த்திருக்கிறேன். சில நிறுவனங்கள் பன்னாட்டு விமானத்திலிருந்து வருகிறவர்களுக்கு முந்தைய டிக்கெட்டைக் காட்டினால் சலுகை தருகின்றன. அது அந்த நிறுவனத்தின் விருப்பம். முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஒரே விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கு ஒரு பெட்டி இலவசம், எனக்கு இல்லை. ஏன்?

அவர் வாங்கிய கட்டண வகை வேறு. முன்பு வகுப்பு மட்டுமே அனுமதியைத் தீர்மானித்தது. இப்போது ஒரே எகானமிக்குள் மூன்று நான்கு வகைகள் உள்ளன, மிக மலிவானதில் பெட்டியே இல்லாமல் இருக்கலாம். அமெரிக்க உள்நாட்டு வழித்தடங்களில் பெரிய நிறுவனங்கள் 2008-இல் முதல் பெட்டிக்கே கட்டணம் வாங்கத் தொடங்கின. ‘பெட்டிக்குக் கட்டணம் இல்லை’ என்பதையே விளம்பரமாக வைத்திருந்த சவுத்வெஸ்ட் நிறுவனமும் 2025 மே 28 முதல் பதிவு செய்யும் டிக்கெட்டுகளுக்கு அதைக் கைவிட்டது. அட்லாண்டிக்கைக் கடக்கும் வழித்தடங்களில் 2018 வாக்கில் பெட்டி இல்லாத கட்டண வகை பரவியது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014-இல் ஒரு வழக்கில், செக்-இன் லக்கேஜ் பயணத்துக்கு இன்றியமையாத பகுதி அல்ல, அதற்குத் தனியே கட்டணம் வாங்கலாம் என்று தீர்ப்பளித்தது; நியாயமான அளவிலான கைப்பைக்கு அப்படி வாங்கக் கூடாது என்றும் சொன்னது. ‘லக்கேஜ் என் உரிமை’ என்று வாதாடுகிறவர்களுக்கு இதைத்தான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

குடும்பமாகப் போகிறோம். எல்லாருடைய அளவையும் சேர்த்துக் கணக்கிடலாமா?

எடை முறையில், ஒரே பதிவில் ஒன்றாகச் செக்-இன் செய்கிறவர்களின் கிலோவைச் சேர்த்துப் பார்ப்பதைப் பல நிறுவனங்கள் ஏற்கின்றன. ஒரு பெட்டிக்கு 32 கிலோ என்ற உச்சவரம்பு அப்போதும் உண்டு. எண்ணிக்கை முறையில் பெட்டிகளின் எண்ணிக்கையை வேண்டுமானால் பகிர்ந்துகொள்ளலாம், ஒருவருடைய பெட்டியில் குறையும் கிலோவை இன்னொருவருடைய பெட்டிக்கு ஏற்ற முடியாது.

கைக்குழந்தைக்கு எடை முறையில் பெரும்பாலும் 10 கிலோ, எண்ணிக்கை முறையில் பெரும்பாலும் ஒரு பெட்டி கிடைக்கும். மடக்கக்கூடிய தள்ளுவண்டியைப் பொதுவாகக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடிக்கடி பறப்பவர்களுக்கு நிறுவனங்கள் தரும் கோல்டு அட்டை இருந்தால் எவ்வளவு கூடுதல்?

இதுவும் வழித்தடத்தின் முறையைப் பொறுத்தே. ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியின் கோல்டு உறுப்பினருக்கு எடை முறையில் கூடுதலாக 20 கிலோ, எண்ணிக்கை முறையில் கூடுதலாக ஒரு பெட்டி. பெட்டியே இல்லாத கட்டண வகையில் அட்டையின் சலுகை எப்படிச் செயல்படும் என்பதை மட்டும் நிறுவனத்திடம் தனியாகக் கேளுங்கள். அங்கே நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு அதிகம்.

அளவு தாண்டினால் கட்டணத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

எண்ணிக்கை முறையில் பெட்டிக்கு இவ்வளவு என்று நிலையான தொகை. கூடுதல் பெட்டி, கூடுதல் எடை, கூடுதல் அளவு மூன்றுக்கும் தனித்தனிக் கட்டணம் உண்டு. 26 கிலோவில் 160 சென்டிமீட்டரில் மூன்றாவது பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தால் மூன்றும் சேர்ந்தே விழலாம். எடை முறையில் கிலோவுக்கு இவ்வளவு. ஒரு காலத்தில் ஒரு கிலோவுக்கு முழு எகானமிக் கட்டணத்தில் 1.5 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். பத்துக் கிலோ கூடினால் டிக்கெட்டில் ஏழில் ஒரு பங்கு. இப்போது பெரும்பாலும் பகுதிவாரியாக நிலையான தொகை வைத்திருக்கிறார்கள். கவுண்டரில் கட்டுவதைவிட இணையத்தில் முன்கூட்டியே வாங்குவது ஏறக்குறைய எப்போதும் மலிவு.

பண்டிகை, விடுமுறைக் காலங்களில் சில வழித்தடங்களில் கூடுதல் லக்கேஜை அறவே ஏற்காமல் நிறுத்திவைப்பதும் உண்டு. அப்போது பணம் கொடுத்தாலும் ஏற்றமாட்டார்கள்.

பெட்டி தொலைந்தால் கிடைக்கும் இழப்பீடும் வழித்தடத்தைப் பொறுத்து மாறுமா?

மாறும். புறப்படும் நாடும் சேரும் நாடும், விமான நிறுவனங்களின் இழப்பீட்டுப் பொறுப்பை வரையறுக்கும் 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இருந்தால், உச்சவரம்பு பயணி ஒருவருக்கு 1,519 எஸ்.டி.ஆர்.; 2024 டிசம்பர் 28 முதல் இந்த அளவு. எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. இது கிலோவைப் பார்ப்பதில்லை. பழைய வார்சா உடன்படிக்கை மட்டுமே பொருந்தும் வழித்தடங்களில் இழப்பீட்டைக் கிலோக் கணக்கில் பார்க்கிறார்கள். அங்கே பெட்டியின் எடை லக்கேஜ் சீட்டில் சரியாகப் பதிவாகியிருப்பது முக்கியம். மாண்ட்ரியல் விதிப்படி, சேதத்தைப் பெட்டி கைக்கு வந்த 7 நாள்களுக்குள்ளும், தாமதத்தை 21 நாள்களுக்குள்ளும் எழுத்தில் புகார் செய்ய வேண்டும்.

என் பயணத்துக்கு உரிய அளவை எங்கே பார்ப்பது? இணையத்தில் ஒன்று இருக்கிறது, டிக்கெட்டில் வேறு இருக்கிறது.

டிக்கெட்டில் இருப்பதையே நம்புங்கள். இணையதளத்தின் பொது அட்டவணை அந்த நிறுவனம் தனியாகப் பறக்கும் பயணங்களுக்கும் இன்றைய தேதியில் வாங்கும் டிக்கெட்டுகளுக்கும் எழுதப்பட்டது. உங்களுடையது ஆறு மாதத்துக்கு முன் வாங்கியதாகவோ வேறு நிறுவனத்தோடு இணைந்ததாகவோ இருக்கலாம். மின்-டிக்கெட்டில் ஒவ்வொரு விமானத்துக்கும் நேராக லக்கேஜ் என்ற இடத்தில் சிறு குறி ஒன்று இருக்கும். ‘2பிசி’ என்றால் இரண்டு பெட்டி, ‘30கே’ என்றால் 30 கிலோ, ‘நில்’ அல்லது ‘0பிசி’ என்றால் எதுவும் இல்லை. ‘2பிசி’ என்பது எண்ணிக்கையை மட்டுமே சொல்லும், எடையைச் சொல்லாது. அது 23 கிலோவா 32 கிலோவா என்பதை வகுப்பை வைத்து நிறுவனத்திடம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் பாருங்கள், முதல் வரியைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். ஒரே டிக்கெட்டின் ஒரு திசையில் வரிகளுக்கு இடையே அளவு மாறியிருந்தால், டிக்கெட் எடுத்துக் கொடுத்தவரிடம் அன்றே சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். பயண நாளுக்கு முன் அது பெரும்பாலும் தொலைபேசியில் முடியும் வேலை. கவுண்டரில் நின்றுகொண்டு கேட்டால், திருத்தும் அதிகாரம் அங்கே இருப்பவருக்கு இல்லாமல் போகலாம். பணத்தைக் கட்டி ரசீதை வாங்கிக்கொண்டு பிறகு திருப்பிக் கேட்பதே ஒரே வழியாக இருக்கும். அந்த ரசீதோடு போர்டிங் பாஸையும் பெட்டியில் கட்டிய சீட்டின் அடிப்பகுதியையும் பத்திரப்படுத்துங்கள். திருப்பிக் கேட்கும்போது மூன்றையும் கேட்பார்கள்.